அந்த மேசையில் அவளுக்காகப் பேசுவது யார்?

(லண்டனில் எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இண்டைக்கு எனக்குத் தந்த தலைப்பு இதுதான்: வீட்டு வன்முறையால் பெண்கள் சாவதைத் தடுக்க, பொலிசும் பெண்கள் அமைப்புகளும் சேர்ந்து வேலை செய்யலாமா?

அறிவிப்புப் போன உடனேயே எங்கட குழுவில் இரண்டு விதமான பதில் வந்தது. "பொலிசோட என்ன கூட்டு? அவை ஆரெண்டு எங்களுக்குத் தெரியாதே?" எண்டு ஒரு பக்கம். "ஒருத்தியின்ர உயிர் போகப் போகுதெண்டால் 999 அடிக்காமல் வேற என்ன செய்யிறது?" எண்டு மற்றப் பக்கம். இரண்டு பேரும் சும்மா கதைக்கேல்லை. இரண்டுக்கும் பின்னால் அனுபவம் இருக்கு.

நான் சொல்ல வந்ததை முதலே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டு வேலையால் பெண்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது. அதற்கு இரண்டு விஷயங்கள் தேவை. ஒன்று, பொலிசுக்குக் கட்டுப்படாமல், அந்தப் பெண்ணுக்காக மட்டும் பேசும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். இரண்டாவது, அவள் பொலிசிடம் சொல்வது ஹோம் ஒஃபீசுக்குப் போகக் கூடாது. இந்த இரண்டும் இல்லாத இடத்துக்கு எங்கட பெண்கள் வரமாட்டினம். வராத பெண்ணை எந்தக் கூட்டமும் காப்பாற்றாது.

சாவுக்கு முன்னால் என்ன நடக்கிறது

"திடீர் ஆத்திரத்தில் மனைவியைக் கொன்றார்" என்று பேப்பரில் எழுதுவார்கள். அந்தத் "திடீர்" என்ற சொல்லை நம்பாதீங்கோ.

அமெரிக்காவில் ஜக்குலின் காம்பெல் என்ற தாதி, பிறகு பேராசிரியரானவர், 1980களில் ஒரு வேலை தொடங்கினார். கணவனாலோ காதலனாலோ கொல்லப்பட்ட பெண்களுக்குச் சாவுக்கு முன்னால் என்ன நடந்தது என்று தேடினார். அதிலிருந்து ஒரு கேள்விப் பட்டியல் உருவானது. அவன் உன் கழுத்தை நெரித்திருக்கிறானா? கொல்லுவேன் என்று சொல்லியிருக்கிறானா? நீ கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா? எங்கே போகிறாய், யாரோடு பேசுகிறாய் என்பதையெல்லாம் அவன்தான் தீர்மானிக்கிறானா? பின்தொடர்ந்து வருகிறானா? கடந்த ஒரு வருடத்துக்குள் நீ அவனை விட்டுப் பிரிந்தாயா?

கழுத்தை நெரிப்பதைப் பற்றி 2008 இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, அது முன்பு நடந்திருந்தால் அந்தப் பெண் பிறகு கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கு மேல் கூடுகிறது என்று காட்டியது. கழுத்தில் ஒரு அடையாளமும் இல்லாமலே இது நடக்கலாம். அதனால்தான் "சின்னச் சண்டை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கழுத்தை நெரிப்பது தனிக் குற்றமாக வந்தது 2022 ஜூனில்தான்.

பிரிட்டனில் ஆண்களால் கொல்லப்பட்ட பெண்களைக் கணக்கெடுக்கும் 'ஃபெமிசைட் சென்சஸ்', 2009 முதல் 2018 வரையான பத்து வருடத்தில் 1,425 பெண்களைப் பதிவு செய்தது. அதில் 62 வீதம் பேரைக் கொன்றது கணவனோ காதலனோ, அல்லது முன்னாள் துணையோ. அந்தப் பெண்களில் குறைந்தது 43 வீதம் பேர் பிரிந்திருந்தார்கள், அல்லது பிரிவதற்கு முயற்சி எடுத்திருந்தார்கள். பிரிந்த பிறகு கொல்லப்பட்டவர்களில் 89 வீதம் பேர் முதல் வருடத்துக்குள்ளேயே கொல்லப்பட்டிருக்கிறார்கள்.

இதை எங்கட வீட்டுக் கதையோட வைத்துப் பாருங்கோ. "விட்டிட்டு வா பிள்ளை, எல்லாம் சரியாகிடும்" எண்டு ஆதரவாகச் சொல்லுற ஆட்கள் இருக்கினம். அது நல்ல மனசு. ஆனால் அவள் விட்டிட்டு வாற அந்த நாட்கள்தான் ஆகப் பெரிய ஆபத்து. வரச் சொல்லுறதெண்டால், வந்த பிறகு எங்க இருக்கிறது, அவனுக்கு அந்த விலாசம் தெரியுமா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் ஆர் எடுக்கிறது, போனில் லொகேஷன் ஓடுதா எண்டு எல்லாம் யோசிச்சுத்தான் சொல்ல வேணும்.

க்ளோஸ்டர்ஷயர் பல்கலைக்கழகத்தின் ஜேன் மொங்டன் ஸ்மித் 372 கொலைகளை ஆராய்ந்து 2019 இல் எட்டுப் படிகளாக எழுதினார். முதல் படி, அந்த ஆணுக்கு முந்திய உறவுகளிலேயே கட்டுப்படுத்தும் பழக்கம் இருந்தது. கடைசிப் படிகளுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் பிரிவு, அல்லது பிரிவு வரும் என்ற பயம். அடி எத்தனை என்று எண்ணுவதை விட, ஒருவன் எவ்வளவு கட்டுப்படுத்துகிறான் என்று பார்ப்பது முக்கியம். பாங்க் கார்டை வைத்திருப்பது, பாஸ்போர்ட்டை ஒளித்து வைப்பது, ஊரில் இருக்கும் அம்மாவோட கதைக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பது. எங்கட சனம் இதைக் "கொஞ்சம் கண்டிப்பான ஆள்" எண்டு சொல்லும்.

ஆகவே இந்தச் சாவுகளில் பலவற்றுக்கு முன்கூட்டியே அடையாளம் இருக்கிறது. அந்த அடையாளத்தைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பிரச்சினை, ஒவ்வொருவரும் ஒரு துண்டைத்தான் பார்க்கிறார்கள்.

கார்டிஃபில் தொடங்கியது

ஜீபிக்குத் தெரியும், அவள் தொண்டை நோகுது எண்டு இரண்டு தரம் வந்தவள். பொலிசுக்குத் தெரியும், அந்த விலாசத்திலிருந்து ஒரு கோல் வந்து பாதியில் நின்றது. பள்ளிக்கூடத்துக்குத் தெரியும், பிள்ளை கொஞ்ச நாளாக வாய் திறக்கிறதில்லை. வீட்டைத் திருத்துறவைக்குத் தெரியும், கதவு வெளியில இருந்து உடைக்கப்பட்டது. இந்த நாலு துண்டும் நாலு கொம்பியூட்டரில் கிடக்கும்.

2003 ஏப்ரலில் கார்டிஃபில், தென் வேல்ஸ் பொலிசும் அங்கிருந்த பெண்கள் பாதுகாப்புப் பிரிவும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்து, மிக ஆபத்தில் இருக்கும் பெண்களைப் பற்றி மட்டும் பேசுவதற்கு ஒரு ஒழுங்கான கூட்டம் தொடங்கினார்கள். அதைத்தான் இப்போது 'மராக்' என்கிறோம். பொலிஸ், வைத்தியத் துறை, பிள்ளைகள் நலன், வீட்டு வசதி, புரொபேஷன், பெண்கள் அமைப்பு, எல்லோரும் ஒரே மேசையில். இன்றைக்கு பிரிட்டன் முழுவதும் கிட்டத்தட்ட 300 மராக் நடக்கிறது.

எப்படி வேலை செய்கிறது? முதலில் 'டாஷ்' என்ற கேள்விப் படிவம். அமைப்புகள் பாவிக்கும் வடிவத்தில் 24 கேள்விகள். 14 கேள்விகளுக்கு "ஓம்" வந்தால், அல்லது எண்ணிக்கை குறைந்தாலும் கேட்டவருக்கு அனுபவத்தில் பயமாகப் பட்டால், அந்தப் பெண்ணின் விஷயம் கூட்டத்துக்குப் போகும். அங்கே ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் ஒவ்வொருவரும் தங்களிடம் இருக்கும் துண்டை வைக்க வேண்டும், பிறகு ஒரு வேலையைப் பொறுப்பெடுக்க வேண்டும். பூட்டை மாற்றுவது. அந்த நம்பரிலிருந்து கோல் வந்தால் உடனே போக வேண்டும் என்று பொலிஸ் கணினியில் குறிப்பது. பிள்ளையை யாரிடம் கொடுக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்வது. அவன் சிறையிலிருந்து வெளியே வரும் திகதியை அவளுக்கு அறிவிப்பது. பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஆனால் உயிர் தப்புவது இப்படிச் சின்னச் சின்ன வேலைகளால்தான்.

கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் அமண்டா ராபின்சன் அந்த முதல் மராக்கை ஆராய்ந்தார். கூட்டத்துக்குப் பிறகான மாதங்களில் பத்துக்கு ஆறு பெண்களுக்குத் திரும்ப வன்முறை நடக்கவில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அது பத்துக்கு நாலு. ஆகக் கூடிய ஆபத்தில் இருந்த பெண்கள் இவர்கள் என்பதை நினைவில் வைத்தால் அது நல்ல முடிவு. ஒரு வருடத்தில் அது இறங்கியது என்பதும் முக்கியம். ஒரு தடவை கூட்டம் போட்டு முடிகிற விஷயம் இல்லை இது.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். அந்தக் கூட்டத்துக்கு அந்தப் பெண் வருவதில்லை. அவளைப் பற்றிப் பதினைந்து பேர் பேசுவார்கள், அவள் இருக்க மாட்டாள். ஆபத்து மிகக் கூட என்றால் அவளுடைய சம்மதம் இல்லாமலேயே தகவல் பகிரலாம். தலைமை தாங்குவது பெரும்பாலும் பொலிஸ். அப்ப அவளுக்கு என்ன வேணும், எதற்குப் பயப்படுகிறாள், எது செய்தால் அவளுக்கு இன்னும் ஆபத்து என்று அங்கே ஆர் சொல்லுறது?

அதற்குத்தான் சுயாதீன வீட்டு வன்முறை ஆலோசகர் என்று ஒருவர். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'இட்வா' என்பார்கள். கூட்டத்துக்கு முன்னால் அவளோடு பேசி, கூட்டத்தில் அவளுடைய குரலாக இருந்து, பிறகு என்ன முடிவெடுத்தார்கள் என்று அவளிடம் போய்ச் சொல்வது அவருடைய வேலை. "அவனை இப்ப கைது செய்து நாளைக்கு விட்டீங்களெண்டால் அவள் செத்துப் போவாள், முதல் அவளை வேற இடத்துக்கு மாத்துங்கோ" என்று பொலிஸ் இன்ஸ்பெக்டரின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஆள். அவருடைய சம்பளமும் வேலையும் பொலிசின் கையில் இருந்தால் இதைச் சொல்வது கஷ்டம். 'சுயாதீன' என்ற சொல்லின் அர்த்தம் அதுதான்.

சொன்னதைக் கேட்க ஆள் இல்லாதபோது

இந்த நகரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பனாஸ் மஹ்மூத். ஈராக்கிலிருந்து வந்த குர்து குடும்பம், தெற்கு லண்டன் மிச்சம். எங்கட ஆட்கள் இருக்கிற டூட்டிங்குக்குப் பக்கம். 17 வயதில் கட்டிக் கொடுத்தார்கள். அடித்த கணவனை விட்டு வந்தாள். வேறொருவரை விரும்பினாள். குடும்ப மானம் போச்சு என்று தகப்பனும் சித்தப்பனும் மற்ற ஆண்களும் அவளைக் கொல்ல முடிவெடுத்தார்கள். அவள் பல தடவை பொலிசுக்குப் போனாள். தன்னைக் கொல்லப் போகிறவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தாள். 2005 டிசம்பர் 31 இரவு தகப்பனிடமிருந்து ஜன்னலை உடைத்துக்கொண்டு தப்பி ஓடினாள். வந்த பொலிஸ் அதிகாரி அவளை நம்பவில்லை, நாடகம் போடுகிறாள் என்று நினைத்தார். உடைந்த ஜன்னலுக்கு அவள் மேலேயே வழக்குப் போடலாமா என்று யோசித்தார். 2006 ஜனவரியில் அவளைக் கொன்றார்கள். அவளுக்கு 20 வயது.

அந்த அதிகாரியும் ஒரு பெண். அதையும் சொல்ல வேணும். பெண் பொலிசைப் போட்டால் சரியாகிடும் எண்ட கதை எங்களுக்கு வேண்டாம். "மானம்" எண்ட சொல் ஒரு குடும்பத்துக்குள்ள என்ன செய்யும் எண்டு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால், அந்தப் பெயர்ப் பட்டியலை வேற மாதிரி வாசித்திருப்பார்.

அடுத்தது ரனீம் ஓடே. சிரியாவிலிருந்து வந்தவர், 22 வயது. 2018 ஓகஸ்ட் 27, சோலிஹல். பிரிந்து வந்த கணவன் அவரையும், தாய் கவுலா சலீமையும் வீட்டு வாசலில் வைத்துக் குத்திக் கொன்றான். அந்த இரவு மட்டும் ரனீம் 999 க்கு நாலு தடவை அடித்திருந்தார். அதற்கு முந்திய மாதங்களிலும் பொலிசுக்குப் பல தடவை முறைப்பாடு போயிருந்தது. ஒரு தடவையும் அவனைக் கைது செய்யவில்லை. 2022 நவம்பரில் மரண விசாரணை ஜூரி, பொலிசின் தவறுகள் அந்தச் சாவுகளுக்குக் காரணமாக இருந்தன என்று முடிவு சொன்னது.

ரனீமின் சின்னம்மா நூர் நோரிஸ் அதற்குப் பிறகு விடவில்லை. அவருடைய போராட்டத்தால் "ரனீம் சட்டம்" என்ற பெயரில் ஒரு திட்டம் வந்தது. 2025 பெப்ரவரியில் ஐந்து பொலிஸ் பிரிவுகளில் தொடங்கினார்கள். 999 அழைப்பு வரும் அறையிலேயே வீட்டு வன்முறை தெரிந்த நிபுணர்கள் இருப்பார்கள். வரும் கோல்களைப் பார்த்து, இது அவசரம், உடனே போங்கோ என்று சொல்வார்கள். அமெரிக்காவின் மேரிலாண்டில் 2005 இலிருந்து இதற்குச் சொந்தமான ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்குப் போன பொலிஸ்காரரே 11 கேள்வி கேட்டு, ஆபத்து என்றால் அங்கேயே நின்று பெண்கள் அமைப்புக்குப் போன் அடித்து அவளோடு பேச வைப்பார்.

இந்தத் திட்டங்கள் எல்லாம் ஒன்றைத்தான் ஒத்துக்கொள்கின்றன. பொலிஸ் தனியாக இருந்தால் கேட்கத் தெரியாது. பக்கத்தில் இன்னொருவர் வேணும்.

விசா எண்ட கதவு

இனி எங்கட கேள்விக்கு வருவம். இந்த மேசையெல்லாம் எங்கட பெண்களுக்கும் வேலை செய்யுதா?

ஸ்பௌஸ் விசாவில் வந்த ஒரு பெண்ணுக்கு வீட்டில் முதலில் சொல்லப்படுவது என்ன? "பொலிசுக்குப் போனால் உன்னை ஊருக்கு அனுப்பிடுவாங்கள்." அடிக்கிறவனுக்கு இதை விடப் பெரிய ஆயுதம் இல்லை. கொடுமை என்னவென்றால் அது முழுப் பொய்யும் இல்லை.

2018 டிசம்பரில் சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸும் லிபர்ட்டி அமைப்பும் சேர்ந்து, உதவி கேட்டு வரும் பெண்களின் விபரத்தைப் பொலிஸ் குடிவரவுத் துறைக்குக் கொடுக்கிறது என்று ஒரு 'சூப்பர் கம்ப்ளெயின்ட்' போட்டார்கள். அந்த முறையில் போன முதல் முறைப்பாடே அதுதான். 2020 டிசம்பரில் பொலிசைக் கண்காணிக்கும் அமைப்புகளே அந்த முறைப்பாட்டை ஏற்றன. இது பொதுநலனுக்குக் கேடு, வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களின் விபரத்தைக் கொடுப்பதை உடனே நிறுத்துங்கள் என்று எழுதின. 2021 டிசம்பரில் ஹோம் ஒஃபீஸ் மாட்டேன் என்று சொல்லிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் தடுப்புச் சுவர் கட்டுவதற்குப் பதிலாக ஒரு 'நெறிமுறை' தருகிறோம் என்றது.

2023 இல் வீட்டு வன்முறை ஆணையாளர் கணக்குக் கேட்டார். 2020 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை, இங்கிலாந்து வேல்ஸில் இருக்கும் எல்லாப் பொலிஸ் பிரிவுகளும் இதைச் செய்திருந்தன. பாதிக்கப்பட்ட 537 பேரின் விபரம் குடிவரவு அதிகாரிகளுக்குப் போயிருந்தது.

இந்தச் செய்தியைக் கேட்டு வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்களை எந்தக் கணக்கும் காட்டாது.

2022 இல் அன்றைய பிரிட்டன் அரசாங்கம் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான இஸ்தான்புல் உடன்படிக்கையை ஏற்றுக் கையெழுத்தை உறுதி செய்தது. ஆனால் 59 ஆம் பிரிவை ஒதுக்கி வைத்தது. அது என்ன பிரிவு? விசா கணவனில் தங்கியிருக்கும் பெண்களுக்குப் பாதுகாப்புத் தரும் பிரிவு.

போராடி வென்றவையும் இருக்கு, அதைத் தெரிந்து வைத்திருங்கோ. வன்முறையால் திருமணம் முறிந்த, ஸ்பௌஸ் விசாவில் இருக்கும் பெண்ணுக்கு நிரந்தர வதிவிடம் கேட்க உரிமை இருக்கு. விண்ணப்பம் தயார் செய்யும்வரை மூன்று மாதம் அரச உதவியோட இருக்க 2012 இலிருந்து ஒரு சலுகை இருக்கு. இரண்டுக்கும் சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸ் பல வருடம் போராடினார்கள். 2024 இல் வேலை விசா, மாணவர் விசாவில் இருப்பவர்களின் துணைகளுக்கும் அந்த மூன்று மாதச் சலுகை வந்தது. ஆனால் அவர்களுக்கு அதற்குப் பிறகு வதிவிடம் கேட்கும் வழி இல்லை. கெயர் வேலைக்கு, படிப்புக்கு எண்டு அண்மையில் வந்த எங்கட ஆட்களின் வீடுகளை யோசியுங்கோ. மூன்று மாதம் முடிய அவள் எங்க போறது?

பொலிசே வேண்டாம் என்ற வாதம்

பொலிசை முற்றாக ஒழிக்க வேண்டும் என்று வாதிடும் தோழர்களுக்கு நான் மரியாதையோடு பதில் சொல்ல விரும்புகிறேன். உங்கட வாதத்துக்கு ஆதாரம் நிறைய. 2021 இல் சாரா எவரார்டைக் கொன்றது வேலையில் இருந்த ஒரு மெற்றோபொலிட்டன் பொலிஸ்காரன். 2023 இல் கேசி அறிக்கை அந்தப் பொலிஸ் அமைப்பே இனவாதமும் பெண் வெறுப்பும் ஊறிய நிறுவனம் என்று சொன்னது. பொலிஸ்காரரின் மனைவிமார் முறைப்பாடு கொடுத்தால் என்ன நடக்கிறது என்பதற்கு 2020 இல் தனியாக ஒரு சூப்பர் கம்ப்ளெயின்ட் போக வேண்டியிருந்தது. இதோட, எங்கட அம்மா அப்பா வந்த நாட்டில் காக்கி உடுப்பு வீட்டு வாசலுக்கு வருவது எதைக் குறித்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் இண்டைக்கு இரவு ஒருத்தியின்ர கழுத்தில் கை இருக்கேக்க, அடுத்த பத்து நிமிசத்தில் அந்தக் கதவைத் தட்டக்கூடிய வேற அமைப்பு எங்களிட்ட இல்லை. நாங்கள் அதைக் கட்டவில்லை. கட்டும்வரை பொறுத்திரு என்று அவளிடம் சொல்லும் உரிமையும் எங்களுக்கு இல்லை.

சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸ் தொடங்கிய வருடம் 1979. அதே வருடம், அதே சவுத்தோலில், பாசிச எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தில் பிளேர் பீச் கொல்லப்பட்டார். அவரை அடித்தது பெரும்பாலும் ஒரு பொலிஸ்காரர்தான் என்று சொன்ன பொலிசின் சொந்த அறிக்கை வெளியே வர 2010 ஆனது. பொலிஸ் எது என்று அந்தப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இருந்தும் அவர்கள் பொலிசிடம், நீ எங்கட வீட்டுக் கதவைத் தட்டும்போது "இது அவங்கட கலாசாரம்" என்று திரும்பிப் போகாதே என்று கேட்டார்கள். அதே நேரம் சமூகத் தலைவர்களிடம், இனவாதத்தைக் காட்டி எங்கட வாயை மூடாதே என்றார்கள். நாற்பது வருடத்துக்கு மேலாக இரண்டு பக்கமும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு இடதுசாரி அரசியல் என்றால் அதுதான்.

ஆகவே மேசையில் இருப்பதா இல்லையா என்பதை ஆபத்தில் இருக்கும் பெண் தீர்மானிக்கட்டும். அவள் போனால் அவளுக்கு அங்கே பாதுகாப்பு இருக்கச் செய்வது எங்கட வேலை. போகாவிட்டாலும் அவளுக்கு வீடும் காசும் சட்ட உதவியும் கிடைக்கச் செய்வதும் எங்கட வேலை.

கொலை என்று எழுதப்படாத சாவு

இன்னொன்றைச் சொல்லாமல் போக ஏலாது. இங்கிலாந்து வேல்ஸ் பொலிஸ் தரவுகளை ஆராயும் தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2023 மார்ச்சில் முடிந்த வருடத்தில், துணையால் கொல்லப்பட்டவர்கள் 80. வீட்டு வன்முறைக்குப் பிறகு தற்கொலை செய்ததாகச் சந்தேகிக்கப்படுபவர்கள் 93. தற்கொலைகள் கொலைகளைத் தாண்டியது அந்தத் திட்டத்தின் கணக்கில் அதுதான் முதல் தடவை.

எங்கட சனத்துக்குள்ள ஒரு பெண் இப்படிச் செத்தால் என்ன சொல்லுவினம்? "பாவம், அவவுக்கு டிப்ரெஷன்." செத்த வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, அதோட முடிஞ்சுது. வீட்டு வன்முறையால் நடந்த தற்கொலைக்கும் கொலைக்குச் செய்வது போல மரண ஆய்வு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் கேட்க ஆள் வேணும். அவளின் நண்பர்கள், கூட வேலை செய்தவர்கள், யாராவது வாய் திறக்க வேணும்.

நாங்கள் செய்யக்கூடியவை

ஒன்று. கேட்கப் பழகுங்கோ. கழுத்தை நெரித்தானா, கொல்லுவன் எண்டவனா, பிரியப் போறன் எண்டு அவனுக்குச் சொல்லிட்டியா, கர்ப்பமா, பின்தொடருறானா. இந்த ஐந்துக்கும் பதில் "ஓம்" என்றால் அது ஆலோசனை சொல்லிச் சமாதானம் பண்ணும் குடும்பப் பிரச்சினை இல்லை. ஐயரையோ பாஸ்டரையோ மாமாவையோ கூப்பிட்டு இரண்டு பேரையும் ஒரே அறையில் இருத்திக் கதைக்க வைக்காதீங்கோ.

இரண்டு. நம்பர்களைத் தெரிந்து வைத்திருங்கோ. தேசிய உதவி எண் 0808 2000 247, இருபத்து நாலு மணி நேரமும், இலவசம். மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். மொபைலில் 999 அடித்துப் பேச முடியாவிட்டால், கேட்கும்போது 55 ஐ அழுத்த வேண்டும். சும்மா பேசாமல் இருந்தால் பொலிஸ் தானாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. இதைத் தமிழில் ஒரு சின்னத் துண்டாக அடித்து, கோயில், சேர்ச், கடைகளின் பெண்கள் டொய்லட் கதவுக்குப் பின்னால் ஒட்டுவோம். ஆண்கள் வாசிக்காத இடம் அதுதான்.

மூன்று. மொழிபெயர்ப்பு. இங்கே பிறந்த எங்களில் கன பேர் சின்ன வயதிலிருந்தே ஜீபியிடமும் கவுன்சிலிலும் அம்மாவுக்காகக் கதைத்தவர்கள். அந்தப் பழக்கத்தால் பொலிஸ் வந்தாலும் பிள்ளையே முன்னுக்கு நிற்கும். தகப்பன் தாயை என்ன செய்தான் என்று பத்து வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லக் கூடாது. அந்தக் கணவனோ அவனுடைய தம்பியோ மொழிபெயர்க்கவும் கூடாது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவர் இதே ஊர்ச் சனத்துக்குத் தெரிந்த ஆள் என்றால் வேறொருவரைக் கேட்கவும் அவளுக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

நாலு. தகவல் அறியும் சட்டத்தில் உங்கட பகுதிப் பொலிசிடம் கேள்வி போடுங்கோ. வீட்டு வன்முறைக்கு ஆளான எத்தனை பேரின் விபரத்தைக் குடிவரவுத் துறைக்குக் கொடுத்தீர்கள்? கவுன்சிலிடம் கேளுங்கோ: எத்தனை இட்வா இருக்கிறார்கள், அவர்களில் தமிழ் பேசுபவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள், ஒப்பந்தம் எப்போது முடிகிறது? 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சிறுபான்மைப் பெண்களே நடத்தும் சின்ன அமைப்புகள் ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடக் காசு வருமா என்று தெரியாமல்தான் வேலை செய்கின்றன.

ஐந்து. தடுப்புச் சுவர் கோரிக்கையை எங்கட கோரிக்கையாக எடுப்போம். குடியேறிகளின் உரிமை பற்றி நாங்கள் போடும் ஒவ்வொரு துண்டுப் பிரசுரத்திலும் அது இருக்கட்டும். எம்பி வந்து பொங்கல் விழாவில் வேட்டி கட்டி நிற்கும்போது, அந்தக் கேள்வியை மைக்கில் கேளுங்கோ.

வெளியே கதவுக்குப் பக்கத்தில் தகவல் அறியும் கேள்விக் கடிதத்தின் மாதிரி வைத்திருக்கிறேன், உங்கட பொலிஸ் பிரிவின் பெயரை மட்டும் நிரப்பினால் போதும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் பதில்களோட வாங்கோ, சேர்த்து வைத்துப் பார்ப்பம். இப்ப உங்கட கேள்விகளைக் கேளுங்கோ.